பாட்டிலைக் கழுவிய பாவம்

செல்வி, குமார், சின்னவளே, உங்கள் அப்பா சுத்தத்துக்குப் பேர்போனவன் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொள்கிறீர்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சுத்தத்தால்தான் அந்தமானில், லாங் ஐலண்டில் ஓர் ஊரே பதினாறு நாள் அட்டைக்கடி பட்டது.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அங்கே டிஸ்பென்சரியில் நான் உதவியாள். எட்டாம் வகுப்புப் படிப்பு, காக்கி அரைக்கால்சட்டை, கலெக்டர் நடை. ஊருக்கு ஒரே கிணறு. அதன் தண்ணீரைப் பரிசோதிக்க, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு கண்ணாடி பாட்டில் வந்தது. வாயில் பஞ்சு, மேலே பழுப்புக் காகிதம், நூல்கட்டு. கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். (படித்தேன். புரிந்ததா என்று கேட்காதீர்கள்.)

பிரித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஏதோ தூள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. கழுவாத பாத்திரத்தில் குடிதண்ணீர் பிடிக்கிற வழக்கம் நம் வீட்டில் எப்போதாவது உண்டா? சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, தோளில் கிடந்த துண்டின் முனையை உள்ளே விட்டுத் திருகிப் பளபளவென்று ஆக்கினேன். (காலையிலிருந்து முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்த துண்டு.) பிறகு தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றினேன்.

அடுத்த கப்பலில் ரிப்போர்ட் வந்தது. கிருமி இருக்கிறது, குடிக்கத் தகாது. கிணற்றைக் கயிறு கட்டி மூடினார்கள். ஜனங்கள் காட்டு ஓடைக்குக் குடம் தூக்கினார்கள். போகும்போது குடம், வரும்போது குடமும் அட்டையும்.

"யாரு பண்ணின வேலை இது?" என்றார் கம்பவுண்டர். மலையாளி, எனக்கு மேலதிகாரி.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிஸ்வாஸ் வீட்டு வாத்துங்க சாப். கிணத்தடியிலயே கிடக்குதுங்க."

பிஸ்வாஸ் தாதா எங்கள் பக்கத்து வீட்டுப் பெங்காலி; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். அவர் மனைவியை எல்லாரும் பௌதி என்போம், அதாவது அண்ணி. ஆறு வாத்துகளின் முட்டையை விற்றுத்தான் பௌதி அரிசிக்கு மேல் எதையும் வாங்குவாள். ஊர் கூடி, வாத்து இங்கே இருக்கக்கூடாது என்றது.

பௌதி என்னிடம் வந்தாள். பல பாஷைக்காரர்கள் இருந்த அந்த ஊருக்குப் பொதுப் பேச்சு இந்திதான். "சுப்பையா பாய், தும் தேகா? என் வாத்து கிணத்துல இறங்கினதை நீ பாத்தியா?"

"பாக்கல பௌதி. லேகின் ரிப்போர்ட்ல இருக்கு," என்றேன்.

ரிப்போர்ட்டில் வாத்து என்ற சொல்லே கிடையாது.

மறுநாள் பிஸ்வாஸ் தாதா வாத்துகளைக் கூடையில் அடைத்து, டுங்கியில் ஏற்றி (நம் ஊர்ச் சிறு படகுதான்), அக்கரையில் மச்சான் வீட்டில் விட்டுவந்தார்.

எட்டு நாள் கழித்து இரண்டாவது பாட்டில் வந்தது. பக்கத்தில் சாம்பலும் நாரும் வைத்துக்கொண்டு நூலை அவிழ்க்க உட்கார்ந்தேன். கம்பவுண்டர் வந்து நின்றார்.

"எந்தா ஈ செய்யுன்னது?"

"கழுவப் போறேன் சாப்."

"போன தடவையும் கழுவினியா?"

"நல்லாவே கழுவினேன். உள்ள அழுக்கு வேற இருந்துச்சு."

"அது அழுக்கில்லடா, மருந்து. கிருமி இல்லாம அடைச்சு அனுப்பின பாட்டில். தண்ணி பிடிக்கிற நேரத்துலதான் திறக்கணும்." என் தோளைப் பார்த்தார். "எதால துடைச்ச?"

துண்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"சரிதான். அப்போ போர்ட் பிளேர்ல பரிசோதிச்சது கிணத்தை இல்ல. உன்னை."

அன்று அவரே தண்ணீர் பிடித்தார். அடுத்த கப்பலில், நல்ல தண்ணீர் என்று வந்தது. கம்பவுண்டர் துண்டுக் கதையைச் சொல்ல, ஊரே சிரித்தது. பௌதி மட்டும் சிரிக்கவில்லை. விருந்தாளி முன்னால் உங்கம்மா என்னிடம் டம்ளரை நீட்டி, "இப்பவே குடிக்கிறீங்களா, ரிப்போர்ட் வரட்டுமா?" என்று கேட்பதும், நீங்கள் விவரம் தெரியாமல் கூடச் சிரிப்பதும் இதற்குத்தான்.

கிணறு திறந்த மறுநாள், எங்கே என்று சொல்லாமல் ஒரு டுங்கியை இரவல் வாங்கி, தனியாக அக்கரைக்குப் போனேன். (துடுப்பு போடத் தெரியாது. நடுவில் இரண்டு தரம் வட்டமடித்தேன்.) ஆறு வாத்துகளையும் கூடையில் வைத்துத் திரும்பும்போது, பாதி வழியில் துடுப்பை நிறுத்தினேன். பௌதியின் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் முதலில் கூடையைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். தப்பு என்னுடையது என்று, மூன்று தரம், இந்தியில். வாத்துகளுக்குத் தமிழ் தெரியாதே.