அக்கா எழுந்தால் நின்றுவிடும் கடை

அன்புள்ள மருமகனுக்கு,

கண்ணாடிக் கடை மாமா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவும் நலம்தான். நேற்றிலிருந்து என்னிடம் மட்டும் பேசுவதில்லை. நம் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நீ ஒருவன்தான். ஆகவே நீதான் நியாயம் சொல்ல வேண்டும்.

நம் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று கண் பரிசோதனை அறையில், ஒன்று லென்ஸ் தேய்க்கும் இடத்தில், ஒன்று கணக்குப் பார்க்கும் அக்காவின், அதாவது உன் அம்மாவின், மேஜையில். வந்துபோனவர்களின் பவர் விவரமெல்லாம் அக்காவின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் அதைக் கேட்டுத்தான் பிழைக்கின்றன. அக்காவோ தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அதை அணைத்துவிடுவாள். "ஆளில்லாத இடத்துல எதுக்குடா ஓடணும்?" என்பாள். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை, பரிசோதனை அறையில் யாராவது ஒரு பெரியவர் மோவாயைத் தாங்கியில் வைத்தபடி தவம் கிடப்பார்.

பொறுக்க முடியாமல் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். "டேட்டாபேஸுக்குன்னு தனியா ஒரு சர்வர் வச்சிடுங்க சார்" என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தே விட்டார். மருமகனே, என்னவென்று சொல்வேன்! பெட்டி என்னவோ சூட்கேஸ் அளவுதான். ஆனால் இரவு பகல் அணையாதாம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுமாம். அதன் முன்னால் நின்றபோது என் குரல் தானாக இறங்கிவிட்டது. லென்ஸ் தேய்ப்பவர், "இது முன்னாடி தும்மலாமா?" என்று கேட்டார். டெக்னீஷியன், "நாளைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிப் போனார்.

அக்கா பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "இது வந்தாச்சுன்னா நான் எதுக்கு? நான் வீட்டுக்குப் போறேன்." எப்படி விடுவது? கடை திறந்த நாள் முதல் கூட இருப்பவள் அல்லவா! "அக்கா, நீ எழுந்திருக்கும்போது அணைக்காம இருந்தாலே போதும்" என்று கெஞ்சினேன். "ஓடற மிஷினை விட்டுட்டு எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்கவே மாட்டேன், போதுமா?" அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை. சொன்னபடியே செய்தும் காட்டிவிட்டாள். இன்று கடை திறந்ததிலிருந்து நாற்காலியை விட்டு அசையவில்லை. சாப்பாடு மேஜைக்கே போனது. கடை ஒரு நொடி நிற்கவில்லை! பெட்டியைப் பார்த்துப் பிரமித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அக்காவைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். இத்தனை சிறிய கடைக்கு சர்வர் வேண்டாம், அக்கா போதும். நீயும் சரியென்று ஒரு வரி எழுது.

நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் அக்கா ஒரு ரசீதை நீட்டி, "இது மூணா எட்டாடா?" என்று கேட்டாள். கட்டைவிரல் பருமனில் அச்சடித்த எட்டு. "உனக்குக் கடைசியா எப்போக்கா கண் டெஸ்ட் பண்ணினது?" என்றேன். "எங்கடா பண்றது? நான் எழுந்து அந்த ரூமுக்குப் போனா, அங்க கம்ப்யூட்டர் நின்னுடுமே" என்றாள். ஒட்டப்போன உறையைக் கீழே வைத்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று டெக்னீஷியனுக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளர் உன் அம்மாதான்.