பவ்யம் விற்ற கார்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதை இதைப் படித்து முடித்ததும் நீயே தீர்மானித்துக்கொள். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ தொலைபேசியில், “கார் எப்படிண்ணே ஓடுது?” என்று கேட்டாய். நான் “பிரமாதம்” என்று சொன்னேன், அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் பிரமாதம் என்றது பொய்யில்லை. அது காரைப் பற்றியதல்ல, அதை எனக்கு விற்ற மனிதரைப் பற்றியது. அதை விளக்கத் தொலைபேசி போதாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

கார் எதற்கு வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணிக்கு முழங்கால் மடங்க மறுக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிசியோதெரபி நிலையத்துக்கு வாராவாரம் போக வேண்டும். பஸ் படியோ மாடி உயரம். அவள் ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலைக் கையால் எடுத்து வைப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் வானத்தைப் பார்க்கிறார்கள். அவளுக்கு அது வலியைவிடப் பெரிய வலி. ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, இனிமேல் நான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. புதுக் காருக்கு வசதியில்லை, பழைய கார் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் சிரித்தேன். தலை நரைக்கும் வரை எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டினவன், படிக்கல்லைக் குடைந்து மெழுகு ஊற்றினவன், தராசுக் கயிற்றில் முடிச்சுப் போட்டவன் எல்லாரையும் கடை வாசலில் நின்றபடியே பிடித்தவன். ஏமாற்று வேலை என்பது என் மூக்குக்கு எட்டாமல் போகுமா என்று நினைத்தேன்.

விற்றவர் எங்களை வாசலுக்கு வந்து வரவேற்றார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, கையை முன்னால் கட்டிக்கொண்டு, நாம் ஒரு வார்த்தை பேசினால் அரை அடி குனிகிற மனிதர். “என்ன பவ்யம் பாருங்க” என்று உன் அண்ணி என் காதில் சொன்னாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அவருக்குப் பவ்யம் என்றே பெயர். நான் முதல் காரியமாக எஞ்சினுக்கு மேலிருக்கும் முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தேன் என்றார். தினமும் ஓடுகிற வண்டி என்று எனக்கு மகா திருப்தி. எஞ்சினை ஓடவிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் பூனை மாதிரி இருந்தது சத்தம். பிறகு உள்ளே குனிந்து சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். தம்பி, அந்த முள் சரியாக நடுவில் நின்றது. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை இல்லை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை இல்லை. என் உத்தியோகத்தில் முள் நடுவில் நின்றால் முத்திரை குத்திவிட்டு எழுந்துவிடுவேன். இங்கேயும் அதையேதான் செய்தேன். சாவியைக் கொடுக்கும்போது பவ்யம் காரை ஒரு தடவை தடவிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பற மாதிரி இருக்கு சார்” என்றார். உன் அண்ணிக்கும் கண் கலங்கிவிட்டது. நாங்கள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வோம், கவலைப்படாதீர்கள் என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு உலுக்குகிற சத்தம். பின்னாலிருந்து நீலமாகப் புகை வந்து தெருவை மறைத்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தியது புகைக்குள் சத்தமாக மட்டும் கேட்டது. புது இடம், பழகிவிடும் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். கிளம்பினோம். பாலத்தின் உச்சிக்குப் போனதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்மூடியின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஆவி கிளம்பியது. நான் எரிகிற வாசனை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தது வேறு. உன் அண்ணி மூக்கை உறிஞ்சி, “யாரோ முட்டை அவிக்கிறாங்க” என்றாள். பாலத்தின் மேல் யார் முட்டை அவிப்பார்கள்? நான் மறுபடி முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. வண்டி கொதிக்கிறது, முள் அமைதியாக இருக்கிறது. எஞ்சினை அணைத்தேன். நடுவில் நின்றது. சாவியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் நடுவில் நின்றது. பின்னால் அத்தனை வண்டியும் ஒலியெழுப்புகிறது, நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வரவில்லை தம்பி. பெரிய மலை ஒன்றை முதல் முதலாகப் பார்க்கிறவன் நிற்பானே, அந்த நிலை. அதற்குள் உன் அண்ணி கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் இறங்கி நடந்தே போய்விட்டாள்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போன மெக்கானிக் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் விட்ட தேநீர் மாதிரி வந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, எஞ்சினைப் பிரிப்பதும் ஒன்றுதான், வேறு எஞ்சின் வாங்குவதும் ஒன்றுதான் என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பட்டறையில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்து, நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “யாருங்க வித்தது? நல்ல கை” என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். தற்காலிகமாக எதையோ அடைத்து, தண்ணீர் நிரப்பி, விற்றவர் வீடு வரைக்கும் ஓடும், திரும்பி வருவதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த நாள் நியாயம் கேட்கப் போனோம். நான் வழி நெடுக வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே ஓட்டினேன். நான் தேர்ந்தெடுத்தவை உன் அண்ணிக்குப் பிடிக்கவில்லை, காரமாக வேறு சொல்லிக் கொடுத்தாள். பவ்யம் வீட்டுக் கதவு அகலமான இரும்புக் கதவு. அதற்கு நேர் குறுக்காகத் திருப்பும்போது கார் தன் கடைசி மூச்சை விட்டது. சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. உள்ளே முற்றத்தில் இன்னொரு கார், நன்றாகத் துடைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பவ்யம், மேல் பொத்தான்வரை போட்டுத் தயாராக நின்றார். வாங்குவதற்கு ஆள் வருகிற நேரம் என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் ஓடி வந்து, “சார், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்குங்க, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவோம்” என்று குனிந்தார்.

“தள்ள முடியாது. நான் உள்ள உக்காந்திருக்கேன்” என்றாள் உன் அண்ணி.

இறங்குங்கள் அம்மா என்றார். முட்டி வலிக்கிறது, வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வலி போய்விடும், அப்போது இறங்குகிறேன் என்று அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

பவ்யம் முன்மூடியைத் திறந்து, எப்படியாவது ஓடவைத்து நகர்த்திவிடலாம் என்று உள்ளே கையை விட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தேர்ந்தெடுத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: “அந்த முள்ளை எப்படிங்க நிக்க வெச்சீங்க?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நக்கல் செய்யவில்லை என்று அவருக்குப் புரிந்தது. முகமே மாறிவிட்டது தம்பி. குரலில் இருந்த குழைவு போனது. முதுகு நேரானது. “பசைதான் சார். ஆனா எங்க நிறுத்தறோம்கறதுல இருக்கு. கொஞ்சம் கீழ நின்னா சந்தேகம் வரும், மேல நின்னா பயம் வரும்” என்றார். அப்புறம் அணை உடைந்த மாதிரிதான். நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்தது, குளிர்ந்த எஞ்சினில்தான் ஆணிச் சத்தமும் புகையும் வரும் என்பது, எண்ணெயைத் தேன் பதத்துக்குக் கெட்டியாக ஊற்றினால் தட்டல் சத்தம் மெத்தையில் விழுந்த மாதிரி அடங்கும் என்பது, ரேடியேட்டர் ஓட்டைக்கு முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றியது, அது சூட்டில் வெந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பது, எல்லாவற்றையும் ஒன்றொன்றாகத் தொட்டுக் காட்டினார். மஞ்சள் கருவைச் சேர்க்கிறவன் தொழில் தெரியாதவன் என்றபோது அவர் குரலில் உண்மையான வெறுப்பு இருந்தது. நான் என் பங்குக்கு மெழுகு ஊற்றிய படிக்கற்களைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். ஆனால் தம்பி, அவர் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாளியைப் பற்றிப் பேசின மாதிரி எனக்கே வெட்கமாகிவிட்டது. எத்தனை பேரை நான் பிடித்தேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பிடிபடாதவர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்து கதவோரம் நின்றார். இந்த மனிதர் வீட்டில் இப்படி வாய்விட்டுப் பேசியதே இல்லை என்று உன் அண்ணியிடம் சொன்னார். உன் அண்ணி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இங்கேயும் அதே கதைதான் என்றாள். இருவரும் கண்ணாடி இடுக்கு வழியாகவே முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த காரைக் காட்டி, அதிலும் முட்டை உண்டா என்று நான் கேட்டேன். அது சில்லறை வேலை, அதில் கியர் பெட்டியில்தான் விஷயம் என்று அவர் ஆரம்பித்து, மரத்தூள் எப்படிப் பல் சக்கரத்தின் முனகலைக் குடித்துவிடுகிறது என்று கையை அசைத்து விவரித்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஓர் இளம் தம்பதி. கைக்குழந்தையோடு. எப்போது வந்தார்களோ, எதிலிருந்து கேட்டார்களோ. அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, “நாங்க அந்தக் காரைப் பாக்கத்தான் வந்தோம்” என்றாள். கணவன் பவ்யத்துக்கு நன்றி சொன்னான். தம்பி, கேலியாக இல்லை. கையைப் பிடித்து, நிஜமாகவே நன்றி சொன்னான். பிறகு இருவரும் தெருவோடு போய்விட்டார்கள். அந்தக் குழந்தை தோளுக்கு மேலாகப் பவ்யத்தையே பார்த்துக்கொண்டு போனது.

அவர் சத்தம் போடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை சார், திட்டத்தான் வருவார்கள் என்றார். பின்பு எழுந்து உள்ளே போய், நாங்கள் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து கண்ணாடி இடுக்கு வழியாக உன் அண்ணியிடம் நீட்டினார். அவள் இறங்கினாள். இறங்கும்போது அவர்தான் கை கொடுத்தார். எங்களை வீட்டில் விட அவரே தன் சொந்தக் காரை எடுத்தார். அது வெளியே தெருவில் நின்றது, பார்க்க அழுக்கு, கதவு நசுங்கல், ஆனால் சத்தமே இல்லை. நான் வழி முழுவதும் முள்ளைத்தான் பார்த்தேன். கீழே இருந்து மெதுவாக ஏறி, தயங்கி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. உயிருள்ள முள் இப்படித்தான் நடுங்கும் என்பதைக் கார் விஷயத்தில் நான் மறந்துபோனது எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.

உன் அண்ணி பாலத்தில் நடந்து இறங்கியதைப் பிசியோதெரபி அம்மாவிடம் சொன்னாளாம். அதைத்தான் நானும் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அந்த அம்மா சொன்னாராம். இப்போது பாலம் வரை வாடகை வண்டி, பாலத்தில் நடை. இரண்டு பேரும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போகிற படகுகளைப் பார்க்கிறோம். ஆகவே கார் என்கிற எண்ணத்தை இத்தோடு தலைமுழுகிவிட்டேன். பவ்யம் வீட்டுத் திசையில் இனிக் காலெடுத்து வைப்பதில்லை என்று உன் அண்ணி முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீயும் பழைய கார் பக்கம் போகாதே. கட்டாயம் போக வேண்டுமென்றால், காலையில் சொல்லாமல் போ, குளிர்ந்த எஞ்சினைக் கேள்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எந்த வாகனத்தில் போனாலும் போகிற இடம் சேர்ந்து, திரும்பி வீடு வந்து சேர வேண்டும் என்று உங்கள் எல்லாருக்கும் மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பவ்யம் வாசலில் வந்து நின்றார். மேல் பொத்தான் திறந்திருக்கிறது, முகம் வெளிறிப் போயிருக்கிறது. நேற்று அவர் ஒரு கார் வாங்கினாராம். எல்லாம் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினாராம். இன்று காலையில் அது அவர் முற்றத்திலேயே செத்துப்போய்விட்டதாம். எப்படி என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லையாம். விற்றவரைப் பார்க்கப் போகிறேன், திட்டுவதற்கு இல்லை, நீங்களும் கூட வர வேண்டும் சார் என்கிறார். தம்பி, அவரையே ஏமாற்றிய ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். மேலே எழுதிய வாக்கு, தலைமுழுகல் எதையும் கணக்கில் வைத்துக்கொள்ளாதே. நான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணி ஏற்கெனவே அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.