கால் இஞ்சில் ஒரு மன்னிப்பு

நெய்வேலியில் டேப் சார் அளக்காமல் விட்ட பொருள் எதுவும் இல்லை. சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தபோது இடுப்பில் ஏறிய இஞ்ச் டேப், ரிட்டயரான பிறகும் இறங்கவில்லை. டீக்கடையில் கிளாஸை நிறுத்திவைத்து, டீ இரண்டு இஞ்ச், நுரை ஒன்றேகால் இஞ்ச் என்று கடைக்காரருக்கே ரிப்போர்ட் கொடுப்பார். கல்யாணப் பந்தியில் தன் இலையையும் பக்கத்து இலையையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தோசையின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அடுப்படிக்குள் அனுமதி இல்லை என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால், நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்து ஊரில் ஒருவரும் வீட்டைக் காட்டமாட்டார்கள்.

அப்போது நான் வடக்குத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர், பண்ருட்டியில் ஒரு பல் டாக்டர். இவர்களுக்கு நடுவில்தான் டேப் சார் வந்தார். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயராகி நாலா பக்கமும் போனவர்களுக்காக அவர் ஒரு வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தார். வாரம் ஒரு கட்டுரை எழுதுவார். கட்டுரை பத்து வரி இருந்தால் அடியில் கமெண்ட் நூறு வரி இருக்கும். அந்த கமெண்ட் பகுதியின் அமைப்பு சரியில்லை, மாற்றித் தரவேண்டும் என்றார்.

சொன்ன கையோடு டேப்பை உருவி என் மானிட்டரின் மேல் வைத்தார்.

"ஏம்மா, ரெண்டு கமெண்டுக்கு நடுவுல இங்க முக்கால் இஞ்ச் இருக்கு. எங்க வூட்டுல அரை இஞ்ச். போன்ல பார்த்தா நூல் அளவு. ஒரே ஜாப் மூணு எடத்துல மூணு அளவு வந்தா, எங்க ஒர்க்‌ஷாப்புல மெமோ குடுப்பாங்க."

ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு அளவு என்று விளக்கினேன். ஷிஃப்டுக்கு லேட்டாக வந்தவன் காரணம் சொல்வதைக் கேட்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

அடுத்த புகார், பெயருக்குப் பக்கத்தில் வரும் சாம்பல் நிற உருவம். முகமே இல்லாத இந்த ஆள் யார், எல்லார் பெயருக்கும் முன்னால் வந்து ஏன் நிற்கிறான் என்று கேட்டார். படம் போடாதவர்களுக்கு வெப்சைட்டின் தீம், அதாவது அதன் ரெடிமேட் வடிவமைப்பு, தானாகப் போட்டுக்கொள்ளும் படம் அது என்றேன். அவனைத் தூக்கிவிட்டு மஞ்சள் ஹெல்மெட் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் காலை, ரிட்டயரானவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் ஹெல்மெட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தர்கூட ஆட்சேபிக்கவில்லை. பிறகு, கமெண்ட் எழுதும் பெட்டியைக் கட்டுரைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். நம் ஆட்கள் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் இல்லை, எதற்கு அவர்களைக் கீழே வரை நடக்கவிட வேண்டும் என்பது அவர் வாதம். அதையும் செய்தேன்.

தினமும் வந்தார். ஒரு கட்டத்தில் நான் பண்ருட்டிக்குப் போயிருப்பதாகச் சொல்லும்படி மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். டேப் சார் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, நான் பண்ருட்டியிலிருந்து வரும்வரை, அதாவது அடுப்படியிலிருந்து வெளியே வரும்வரை, காத்திருந்தார்.

இந்த நிலைமையில்தான் பலாமரக் கட்டுரை வந்தது. டவுன்ஷிப்பின் பதினாறாம் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் பலாமரத்தைப் பற்றி எழுதிய டேப் சார், அதை நட்டவர் சண்முகம் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டார். அதே வீட்டில் சண்முகத்துக்கு முன்னால் குடியிருந்தவர் தேவராஜ். மரத்தை நட்டது நான் என்று அவர் கமெண்ட் போட்டார். நீ நட்டது முருங்கை என்று சண்முகம் பதில் போட்டார். வீட்டைக் காலிசெய்து இருவருக்குமே வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது அங்கே யாரோ இருக்கிறார்கள், பழத்தையும் அவர்கள்தான் சாப்பிடுகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் வடக்குத்தில் அடுத்தடுத்த தெருவில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, தினமும் காலையில் சேர்ந்து வாக்கிங் போகிற சிநேகிதர்கள். மூன்றாவது பதிலோடு வாக்கிங் நின்றது. பதில்கள் நிற்கவில்லை.

அந்த தீமில் ஒரு கோளாறு. ஒவ்வொரு பதிலையும் முந்தைய பதிலைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போடும். எட்டு, ஒன்பது என்று போகப்போக இடம் குறுகி, போனில் பார்த்தால் வரிக்கு ஓர் எழுத்துதான் நிற்கும். பன்னிரண்டாவது பதிலுக்கு மேல் அது படிக்கிற விஷயமாகவே இல்லை. சங்கிலி தொங்குகிற மாதிரி எழுத்துகள் தொங்கின.

ஒருநாள் மத்தியானம் டேப் சார் வந்தார். டேப்பை உருவவில்லை. ஒரு நோட்டை நீட்டினார். பதினான்காவது பதிலை, போனிலிருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். தேவராஜ் போட்டது. "மரம் உன்னுதாவே இருக்கட்டும். நீ வராம எனக்கு நடக்கவே புடிக்கல. தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்க."

அது வந்து ஒன்பது நாளாகியிருந்தது. இன்னொரு வசவு என்று நினைத்து சண்முகம் அதைப் படிக்கவே இல்லை. தன் மன்னிப்புக்குக்கூடப் பதில் இல்லை என்று தேவராஜ் இடிந்துபோயிருந்தார்.

"ஒரு மனுஷன் மன்னிப்பு கேட்டுகினு நிக்கிறான், இந்த தீமு அத கால் இஞ்சுல அடைச்சு வெச்சிருக்கு," என்றார் டேப் சார். நோட்டை மூடினார். "நான் எழுதினதுல வந்த சண்டைம்மா. நூல் நூலா பார்க்குற ஆளு நான். யாரு நட்டதுன்னு ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன்."

அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் நானாக சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாப் பதிலும் முழு அகலத்துக்கு வரும்படி மாற்றினேன். பதிலுக்குப் பதில், அதற்கு ஒரு பதில், அதோடு சரி என்று வைத்தேன். அதற்குக் கீழே பதில் பட்டன் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி போடச் சொன்னார் டேப் சார்: "இதற்கு மேல் நேரில் போய்ப் பேசவும்." உலகத்தில் எந்த வெப்சைட்டிலும் இப்படிக் கிடையாது சார் என்றேன். வைத்துப் பார் என்றார்.

மறுநாள் காலை சண்முகம் எனக்கு போன் செய்தார். தேவராஜ் எழுதியதைப் படித்திருந்தார். பதில் பட்டனைக் காணவில்லை, ஒரே ஒரு தடவை திறந்துவிடம்மா என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேப் சார் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நேர்ல போங்க சார், அடுத்த தெருதானே," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் சண்முகம் போனார். நடந்ததை தேவராஜின் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, மரத்தை நட்டது நான்தான் என்று ஆரம்பித்தாராம். சரி, உள்ளே வா என்றாராம் தேவராஜ். உள்ளே போய் ஒரு மணி நேரம் அதே சண்டையைச் சத்தமாகப் போட்டுவிட்டு, இரண்டு தடவை காபி குடித்தார்களாம். பேசாமல் இருந்தபோது வீடு நிம்மதியாக இருந்தது என்று அந்த அம்மா டேப் சாரிடம் குறைப்பட்டுக்கொண்டார். மறுநாள் காலை இருவரும் வாக்கிங் போனதை டேப் சார் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு மஞ்சள் ஹெல்மெட் வந்தது. இவர்கள் இருவருக்கும் முன்னால் அந்த வீட்டில் இருந்தவராம். பலாச்சுளை தின்றுவிட்டுத் தன் பிள்ளைகள் வீசிய கொட்டையில் முளைத்த மரம் அது என்று எழுதியிருந்தார். யாரும் பதில் போடவில்லை.

டேப் சார் இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பழைய ஆட்கள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள், வெப்சைட்டில் கூட்டம் இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு கமெண்ட் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று போன் செய்தார். பெரிதாக்கினேன். பிறகும் சொன்னார், பிறகும் பெரிதாக்கினேன். இப்போது ஒரு திரைக்கு நான்கு வரிதான் நிற்கிறது. அதில் வாரம் ஒரு தடவை, ஊரில் மழையா வெயிலா என்று நான் ஏதாவது எழுதிவைப்பேன். போன மாதம் இதே தொழிலில் இருக்கும் ஒரு தோழி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதையெல்லாம் யாருடி படிக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ஒருத்தர் படிக்கிறார்," என்றேன்.