கையெடு டீச்சரும் ஒரு தாம்பாளம் அரிசியும்

ஐம்பதுகளில் திருக்கோகர்ணத்தில் சொந்தப் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடவே தனித் தைரியம் வேண்டும். எந்தச் சந்திலிருந்து கையெடு டீச்சர் வருவார் என்று சொல்ல முடியாது. வந்தால், "கைய எடுங்க! அவனே போடுவான்" என்று ஒரு அதட்டல். அப்படி அகப்பட்ட தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், பையன் கடைசிப் பொத்தானைப் போடும்வரை தெருவில் நின்று, பஸ்ஸைக் கோட்டை விட்டார்.

டீச்சர் மெட்ராஸில் பாலர் வகுப்புப் பயிற்சி முடித்து வந்தவர். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் இலவசமாகக் கொடுத்த வீட்டு முன்கூடத்தில் பள்ளிக்கூடம். பெஞ்சு கிடையாது, பிரம்பு கிடையாது, பாடம் என்று ஒன்றும் கிடையாது. மரக்கட்டை, மணி, செம்பு, பயறு என்று பரப்பி வைத்திருப்பார். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ, எடுத்துக்கொள்ளலாம். நான் அங்கே உதவி டீச்சர். முதல் நாள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பாடம் நடத்தக் கிளம்பினேன்.

"நீ அந்தப் பாயில உக்காரு" என்றார்.

"உக்காந்து என்ன டீச்சர் செய்யணும்?"

"பாத்துக்கிட்டு இரு. பிள்ளைங்க கூப்பிட்டா மட்டும் போ."

சும்மா இருக்கச் சம்பளம் வாங்கியவள் நான். லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கால் மாற்றிச் செருப்புப் போட்ட குழந்தை எதிரே நடக்கும்போது சும்மா இருந்து பாருங்கள், தெரியும்!

ஒரு பையன் வாரம் முழுக்கச் செம்புக்கும் டம்ளருக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினான். அவன் அம்மா வந்து, "இது பள்ளிக்கூடமா, காபி கிளப்பா?" என்று சண்டை போட்டாள். "சிந்தாம ஊத்துறான் பாருங்க. எங்க, நீங்க ஊத்துங்க" என்றார் டீச்சர். அந்தம்மாள் வீம்புக்கு ஊற்றினாள். பாதி என் பாயில்.

வம்பு விஜயதசமியன்று வந்தது. முதலாளியின் பேரனும் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தான்; அவனுக்கு அன்றுதான் எழுத்து ஆரம்பம். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பதுதானே வழக்கம்? சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் கூடியிருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது.

"டீச்சரம்மா, விரலப் பிடிச்சு எழுதிவிடுங்க" என்றார் முதலாளி.

"மன்னிச்சுக்கங்க முதலாளி. விரல் அவனோடது. அவனே எழுதட்டும்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னிக்கு எம்பேரன் எழுதலேன்னா நாளையிலருந்து இங்கிட்டு பள்ளிக்கூடம் கிடையாது. சொல்லிப்புட்டேன்!"

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊரில் வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். கேட்டுப் பார்த்து ஓய்ந்த பிறகு கிடைத்த கூடம் இது. டீச்சர் பக்கத்தில் போய் நின்று கெஞ்சினேன்.

"ஒரே ஒரு எழுத்து டீச்சர். பிடிச்சு எழுதிவிட்டுருங்க."

"சும்மா இரு."

பேரன் அரிசியை அள்ளினான், உதிர்த்தான், நாலு அரிசியை வாயில் போட்டு மென்றான். எழுதுகிற யோசனையே அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. பொறுமை போய் முதலாளியே குனிந்து அவன் விரலைப் பிடித்தார். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பேரன் திறந்தான்.

"கைய எடுங்கய்யா! நானே போடுவேன்!"

அசல் டீச்சர் குரல்! அந்த மனுஷர் சூடுபட்டதுபோல் கையை எடுத்தார். பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு, மெதுவாக, அரிசியில் ஒரு பெரிய வட்டம் போட்டான்.

"என்னப்பா இது?" என்று கேட்டார் தாத்தா.

"தோசை."

"யாருக்கு?"

"ஒங்களுக்கு."

முதலாளி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி, பள்ளிக்கூடம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அப்பாடா என்று நான் மூச்சுவிட்டபோதுதான் கை வலித்தது. இவ்வளவு நேரமும் டீச்சர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கண்ணாடி வளையல் தோலில் அழுந்தியிருந்தது. முதலாளி சிரித்த பிறகும் அவர் பிடியை விடவில்லை.

"கைய எடுங்க டீச்சர்" என்று திருப்பிச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. சொல்ல மனசு வரவில்லை.