பூச்சுவரோரம் நின்ற மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் ஒரு மக்கு. வாட்ஸ்அப்பில் சிங்கம், நேரில் ஆள் வந்தால் நாக்கு லீவு போட்டுவிடும். ஆங்கிலத்தில் வால்ஃபிளவர் என்று ஒரு பூ உண்டாம். பழைய சுவர் இடுக்கில் முளைக்குமாம். விருந்துக்குப் போய் யாரோடும் பேசாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆசாமிக்கும் அதே பெயர். அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். (பூவாவது பார்க்க லட்சணமாக இருக்கும்.)

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் பெண் பார்ப்பது அடுத்தவர் கல்யாண விருந்தில்தான். பிடிக்காவிட்டால் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அவரவர் காரில் ஏறிவிடலாம். எனக்குக் கிள்ளானில் ஒரு மண்டபம் அமைந்தது. பெண் சுகந்தி. போட்டோவைப் பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன்.

"மேடைக்குப் பக்கத்துல போட்டோ எடுக்கப் பூச்சுவர் இருக்கும். அங்கயே நில்லு, அவ வந்து பேசுவா. வாயத் திறடா, வால்ஃபிளவர்!" என்றாள் அக்கா.

நின்றேன். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய புதுக் கறுப்புச் சட்டை. போட்டோக்காரர்களும் கறுப்புச் சட்டையில் வருவார்கள் என்று நான் கண்டேனா? ஒரு ஆன்டி தன் கைப்பேசியை என் கையில் திணித்தார்.

"தம்பி, வயிறு தெரியாம எடுங்க லா."

மறுக்க வாய் வரவில்லை. எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு வரிசையே நின்றது. அதில் சுகந்தி! (அம்மா அவளுக்கு அனுப்பிய படத்தில் நான் ஒல்லி, தாடியும் கிடையாது.)

"அண்ணே, ஒண்ணு எடுங்க."

அண்ணே! 'நான்தான் அது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று வந்தது.

"எங்க சிரிக்கிறது? ஒருத்தர் இங்கதான் நிப்பாருன்னாங்க. ஆளையே காணோம்."

"ஹைவேல ஜாம் மேடம். வந்துடுவாரு."

(இன்றைக்கும் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் அக்கா இந்த வசனத்தைத்தான் எடுத்துவிடுவாள்.)

பாவம், காத்திருந்தாள். நாற்காலி போட்டேன், ரோஸ் சிரப் கொண்டுவந்து கொடுத்தேன், மாப்பிள்ளை வேலையைத் தவிர எல்லா வேலையும் பார்த்தேன். கடைசியில் எழுந்து போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. யாரோ ஒரு அங்கிளின் கைப்பேசியோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன்.

"நான்தாங்க... அந்த மாப்பிள்ளை."

கார்க் கதவைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆள் வரலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், அப்படியே இருக்கட்டும்."