வேணாம் அண்ணன் சேர்த்த ஆப்ஷன்

வேலை சொன்னவரையே பிடித்து வேலை வாங்குகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வில்லியனூர் ஆபீஸில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எங்களுக்கு அவர் ‘வேணாம் அண்ணன்’.

தண்ணீர் மோட்டார், பவர் டில்லர் இவற்றின் விளக்கப் புத்தகங்களை வெறும் எழுத்தாக மாற்றித் தரும் புரோகிராம் அவர் எழுதியது. போனில் சந்தேகம் கேட்பவர்களுக்கு அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கமாண்டு. அதன் வாலில் ஒரு சொல் டைப் செய்தால் கூடுதல் வசதி கிடைக்கிற மாதிரி ஒரு ஆப்ஷன் சேர்க்கச் சொன்னால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“வேணாம்பா! ஆப்ஷன்றது வூட்டோட மாப்ள மாதிரி. வந்துட்டா போவ மாட்டான்!”

மீறிக் கேட்டால் ஒரு சட்டம் வைத்திருந்தார். கேட்டதை முதலில் நாமே கையால் செய்து பார்க்க வேண்டும். பக்க எண் கேட்ட மேனேஜர், டில்லர் புத்தகத்துக்கு உட்கார்ந்து நம்பர் போட்டார். பாதியிலேயே, “நம்பர் இல்லாமயே நல்லாத்தாம்பா இருக்கு” என்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் கரியமாணிக்கத்திலிருந்து செல்வி வேலைக்கு வந்தாள். கண் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் வாசிப்பதை ஹெட்போனில் கேட்டுப் பதில் சொல்வாள். எங்கள் புரோகிராமோ அட்டவணைகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகளால் வேலி கட்டும். அத்தனை கோட்டையும் கம்ப்யூட்டர் விடாமல் வாசிக்கும். அது முடிவதற்குள் வாடிக்கையாளர் போனை வைத்துவிடுவார். “வெள்ளிக்கெழமைக்குள்ள வேகம் வரலன்னா வேலைல வச்சிக்க முடியாதும்மா” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

செல்வி நேராக அண்ணனிடம் போனாள். “அண்ணா, கோடு இல்லாம வர்ற மாதிரி ஒரு ஆப்ஷன்...”

“வேணாம். மொதல்ல நீயே செஞ்சி பாரு.”

“அத்ததான்ணா தெனம் செய்றேன், காதாலயே கோட்ட ஒதுக்கி ஒதுக்கி. நீங்க ஒருவாட்டி கேளுங்க. ஒங்க சட்டம் ஒங்களுக்குக் கெடையாதா?” என்று ஹெட்போனை நீட்டினாள்.

அண்ணன் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டார். டேஷ், டேஷ், டேஷ், டேஷ்... ஒரு அட்டவணை முடிவதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

“யம்மாடி! இத்தயா தெனம் கேக்கற? இன்னா பொறும உனுக்கு!”

அன்று மாலையே ஆப்ஷன் வந்தது, ஆனால் தலைகீழாக. புரோகிராம் இனி கோடே போடாது. கோடு வேண்டும் என்பவர்தான் கூடுதலாக ஒரு சொல் டைப் செய்ய வேண்டும்.

“என்னப்பா இது?” என்றார் மேனேஜர்.

“அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு தனியா கேக்கணும்? கோடு வேணும்ன்றவன் கேக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு செல்விதான் பதில் சொன்னாள். இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள்.

அண்ணன் வேறு ஊருக்குப் போய்விட்டார். கோடு வேண்டும்போதெல்லாம் நான் அந்தக் கூடுதல் சொல்லை டைப் செய்கிறேன். ஒருநாளும் அலுத்ததில்லை. பின்னாலிருந்து ஒரு “வேணாம்பா” கேட்காதா என்றுதான் இருக்கிறது.