கதையைக் கெடுத்த தம்பிக்கு நன்றி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் குழந்தையும் நலம். அங்கே நீ நலமாக இருக்கிறாய் என்றும், உன் படம் நலமாக ஓடுகிறது என்றும் நம்புகிறேன். திட்டத்தான் எழுதுகிறார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ கதை இருக்க, நாம் இருவரும் சின்ன வயதில் அடித்துக்கொண்டு படித்த அந்த மந்திரக்கதவுக் கதைதானா உனக்குத் திரைக்கதை எழுதக் கிடைத்தது? பள்ளி மாறிய நாளிலிருந்து ஒரு வருடமாக என் மகள் வீட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை என்று உனக்கே தெரியும். டீச்சர் கேட்டால் தலையாட்டுவாள். நான் லென்ஸ் தேய்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்தால், முதலாளி அவள் பெயரைக் கேட்பதற்குள் என் சட்டைக்குப் பின்னால் போய்விடுவாள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் கதைதான். அதில் வரும் சிறுமி வாயே திறக்காமல் கதவில் கை வைத்து நிற்பாள், கதவு தானாகத் திறக்கும். வேலை விட்டு வந்ததும் தினமும் அதை வாசித்துக் காட்டுவேன். நீ என்னடா என்றால் அந்தச் சிறுமியைத் தொண்டை கிழியக் கத்தவிட்டு, பச்சையும் நீலமுமாகப் புகை விட்டு, போதாததற்கு முரசு வேறு அடிக்க வைத்திருக்கிறாய்!

முதல் காட்சிக்கு டிக்கெட் கொடுத்துத் தயாரிப்பாளருக்குப் பின்வரிசையில் எங்களை உட்கார வைத்தது உன் கெட்ட நேரம். திரையில் கதவு திறந்ததுதான் தாமதம், குழந்தை நாற்காலி மேல் ஏறி நின்று, "தப்பு! எல்லாமே தப்பு! அவ கத்தவே மாட்டா!" என்று போட்டாளே ஒரு கத்தல், தயாரிப்பாளரின் காப்பி அவர் சட்டைக்குப் போயிற்று, டார்ச் லைட்டோடு ஓடி வந்த தியேட்டர்காரர் "உக்காரும்மா" என்றார், அவரையே இவள் "நீங்க புக் படிச்சீங்களா?" என்று மடக்கினாள், உன் அண்ணி அழுகிறாள், நான் சிரிக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் எதற்கு வம்பு என்று வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் "சித்தப்பா, யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று உன்னை அரை மணி நேரம் வறுத்தெடுத்தாள். நீ தலை குனிந்து நின்றாய். திங்கட்கிழமை வகுப்பில் உன் படத்தைக் குறை சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு பீரியட் போதவில்லையாம். தம்பி, நீ ஒழுங்காக எழுதியிருந்தால் அவளும் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்பாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோடி நன்றி.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த படத்தையும் இதேபோலக் கெடுக்க என் பூரண ஆசீர்வாதம்.

உன் அண்ணன்

பி.கு.: மேலே உள்ளது நேற்று வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதற்காக எழுதியது. நீ எதையும் கெடுக்கவில்லை. புத்தகத்திலும் அந்தச் சிறுமி கத்தித்தான் கதவைத் திறக்கிறாள். அந்த இடம் வரும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் மாற்றி வாசித்தேன். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே, என் நன்றியெல்லாம் அதற்குத்தான். இன்று காலை அவளே எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சித்தப்பா பாவம். போன் போட்டுக் குடுங்க, நானே பேசுறேன்" என்றாள். போன் மணி அடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். என்ன வேலையில் இருந்தாலும் எடுத்துவிடுடா.